தாய்க்காக மலை பெயர்த்தவன்: கோணமலைக் கதைகளும் உளப்பகுப்பாய்வும்

இராவணன் மலையெடுத்த கதை தமிழர்களிடம் இரண்டு விதமாக வழங்குகிறது. கயிலையில் நடந்ததாகச் சொல்லப்படும் முதற்கதையில் அவனைத் தூண்டுவது செருக்கு. தன் வானூர்திக்கு வழிவிடாத மலையை அடியோடு பெயர்க்கப் பார்க்கிறான். சிவன் கால்விரலை ஊன்றுகிறார். நசுங்கியவன் இசைபாடி இரந்து, வாளும் வாழ்நாளும் பெற்றுத் திரும்புகிறான். திருஞானசம்பந்தர் தம் பதிகங்களில் எட்டாம் பாடலை அநேகமாக இந்தக் கதைக்கே ஒதுக்கியவர். ஏழாம் நூற்றாண்டில் திருகோணமலைமீது அவர் பாடிய பதிகத்தின் எட்டாம் பாடலிலும் செருக்கழிந்த இராவணன்தான் வருகிறான். அங்கே தாய் இல்லை. இரண்டாவது கதை திருகோணமலை ஊரார் சொல்வது. நோயுற்ற தாய் அவ்வூர்ச் சிவனான கோணேசரை வந்து வழிபட முடியாமல் தவிக்கிறாள். மகன் கோயிலை மலையோடு பெயர்த்து அவளிடமே கொண்டுபோக எண்ணி வாளால் பாறையை வெட்டுகிறான். கோயில் நிற்கும் சுவாமிமலையின் செங்குத்துச் சரிவில் கடலை நோக்கி இறங்கும் அந்தப் பிளவைத்தான் இன்றும் ‘இராவணன் வெட்டு’ என்று காட்டுகிறார்கள். மலை பெயரவில்லை. தாய் இறந்துவிட்டாள் என்ற செய்தியை முதிய அந்தணர் வடிவில் திருமால் கொண்டுவருகிறார். அவளுக்குக் கடன் கழிக்க வேண்டி ஊருக்கு அருகிலுள்ள கன்னியாவில் ஏழு இடங்களில் நிலம் குத்தப்படுகிறது, வெந்நீர் பீறிடுகிறது. குத்தியது இராவணனின் வாள் என்பாரும் உண்டு, திருமாலின் கைத்தடி என்பாரும் உண்டு.

இரண்டு கதையிலும் ஆளும் செயலும் தெய்வமும் ஒன்றே. காரணம் மட்டும் வேறு. செருக்கு இருந்த இடத்தில் தாய் வந்து உட்கார்ந்திருக்கிறாள். தண்டனை இருந்த இடத்தில் சாவு இருக்கிறது. வரம் பெற்று முடிந்த கதை இங்கே ஈமக்கடனில் முடிகிறது. கதை மாறிய இடத்தில் மாற்றியவர்களின் மனம் தெரியும் என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தது உளப்பகுப்பாய்வு. சிக்மண்ட் பிராய்ட் 1900இல் வெளியான கனவுகள் பற்றிய நூலில் ஈடிபஸையும் ஹாம்லெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். 1907இல் யென்சன் எழுதிய ‘கிராடிவா’ என்ற குறுநாவலை முழுதாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். அவர் சீடர் ஓட்டோ ராங்க் 1909இல் வீரர்களின் பிறப்புக் கதைகளைத் தொகுத்தார். எர்னஸ்ட் ஜோன்ஸ் ஹாம்லெட்டைப் பற்றி ஒரு நூலே எழுதினார். இந்த முறை திருகோணமலைக் கதைகளுக்குப் பயன்படும் என்பதே என் கருத்து. ஆனால் அதன் மிகப் புகழ்பெற்ற பகுதி, அதாவது தந்தையை நீக்கித் தாயை அடைய விரும்பும் மகனைப் பற்றிய பகுதி, இங்கே அதிகம் உதவாது. பிராய்ட் 1917இல் துக்கத்தைப் பற்றி எழுதிய சிறு கட்டுரை அதைவிட அதிகம் உதவுகிறது. கோணமலைக் கதைகள் ஆசையைவிட இழப்பைப் பற்றியவை. அவற்றை இராவணனின் மனமாகப் படித்தால் ஏமாறுவோம், சொன்னவர்களின் மனமாகப் படித்தால் வரலாறு கிடைக்கும்.

ஈடிபஸ் வழியில் படிப்பது எளிது. தாயின் விருப்பத்தை நிறைவேற்ற மகன் வாளோடு போகிறான். தந்தை நிலையில் சிவன் நின்று தடுக்கிறார். வாள் பாறையைப் பிளக்கிறது, ஆனால் எண்ணம் கைகூடவில்லை. மகன் தாயை இழக்கிறான். வாள், பிளவு, பூமியிலிருந்து பீறிடும் வெந்நீர் என்று குறியீட்டு அகராதியைக் கையில் வைத்திருப்பவருக்குத் தேவையான எல்லாம் தட்டில் வைத்ததுபோல் இருக்கின்றன. அந்த எளிமையே ஐயத்தைத் தர வேண்டும். கதையில் உண்மையான தந்தை விச்சிரவசு பெயரளவுக்குக்கூட இல்லை. சிவன் இராவணனுக்குப் போட்டியாளர் அல்லர், தாயும் மகனும் சேர்ந்தே வணங்கும் தெய்வம். முக்கியமாக, ஈடிபஸ் கதையில் தண்டனை மகனின் உடலில் விழுகிறது, அவன் கண்ணைக் குத்திக்கொள்கிறான். இங்கே அவன் உடலில் ஒரு கீறலும் இல்லை. இழப்பு முழுவதும் தாயின் சாவாக வருகிறது. சில வடிவங்களில் அந்தச் சாவுச் செய்தியே அவனைத் திசைதிருப்பத் திருமால் சொன்ன பொய். அப்படியானால் உயிரோடிருக்கும் தாய்க்கு மகன் கடன் கழிக்கிறான்! கதையின் மிக விசித்திரமான இந்த இடத்தைப் பற்றிக் குறியீட்டு அகராதிக்குச் சொல்ல எதுவும் இல்லை.

நம் பக்கத்தில் இந்தக் குறையை முதலில் உணர்ந்தவர் கல்கத்தா மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ். 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய அவர், பிராய்டுக்கே கடிதம் எழுதித் தம் நோயாளிகளிடம் காண்பது ஐரோப்பியரிடம் காண்பதிலிருந்து வேறுபடுகிறது என்று வாதிட்டார். பிறகு ஏ.கே. ராமானுஜன் இந்திய ஈடிபஸ் பற்றிய தம் கட்டுரையில், நம் கதைகளில் வன்முறை பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகன்மேல் இறங்குகிறது, மகன் பணிந்துபோகிறான் என்று காட்டினார். கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனைத் தெரிந்த தமிழனுக்கு இது புதிதன்று. கோணேசர் கோயிலைக் கட்டிய குளக்கோட்டனைக் ‘கோணேசர் கல்வெட்டு’ என்ற நூல் அந்த மனுநீதிகண்ட சோழனின் வழியில் வைத்துப் பேசுவதும், தந்தை வரராமதேவனின் திருப்பணி ஆசையை முடித்தவனாக அவனைக் காட்டுவதும் ராமானுஜன் சொன்னதோடு ஒத்துப்போகின்றன. ஆனால் ராமானுஜன் அழுத்திச் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு முக்கியம்: கதையைச் சொல்வது யார் என்று பார். ஈடிபஸ் வகைக் கதையைக் கன்னடத்தில் பெண்கள் சொல்லும்போது அது தாயின் கண்வழியே நகர்கிறது என்றார் அவர். இலங்கையிலேயே பிறந்து பேராதனையிலும் பிரின்ஸ்டனிலும் கற்பித்த கணநாத் ஒபயசேகர இதை இன்னும் தூரம் கொண்டுபோனார். 1990இல் வந்த ‘பண்பாட்டின் வேலை’ என்ற பொருள்படும் நூலில், ஈடிபஸ் சிக்கல் ஒரே வார்ப்பு அன்று, குடும்ப அமைப்புக்கு ஏற்ப வேறுபடும் பல வடிவங்களின் தொகுதி என்று நிறுவினார். தந்தை தாதுசேனனைக் கொன்ற காசியப்பன் கதையை அவர் படித்த விதம் அதற்குச் சான்று.

குடும்ப அமைப்பு என்றால் திருகோணமலையில் என்ன? இலங்கையின் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்குரியது. மகள் வீட்டைச் சீதனமாகப் பெறுகிறாள். மகன் மணமானதும் மனைவி வீட்டுக்குப் போய்விடுகிறான். தாயின் வீடு அவனுக்கு விருந்தாளியாக வந்துபோகும் இடமாகிறது. தாயைப் பார்த்துக்கொள்வது நடைமுறையில் மகளின் பொறுப்பு, தாய்க்குக் கொள்ளி வைப்பதும் கடன் கழிப்பதும் மகனின் உரிமை. தாயின் சாவில்தான் மகன் மகனாகத் திரும்பி வருகிறான் என்று சொன்னால் மிகையாகாது. நோயுற்ற தாயைவிட்டுத் தூரத்தில் இருக்கும் மகன், அவள் கேட்டதைக் கொண்டுவர எல்லை மீறிப் பாடுபட்டு, கைகூடாமல், கடைசியில் கடன் கழிப்பதில் மட்டும் வெற்றி பெறும் கதை இந்தக் குடும்பத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. மலினோவ்ஸ்கி 1927இல் திரோபிரியாண்ட் தீவுகளை வைத்துப் பிராய்டோடு நடத்திய வழக்கின் சாரமும் இதுதான்: வீட்டின் அமைப்பு மாறினால் மனத்தின் முடிச்சு விழும் இடமும் மாறும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். தாய்க்காக இலிங்கம் தேடிய இராவணன் திருகோணமலையின் சொந்தப் படைப்பு இல்லை. கருநாடகக் கரையிலுள்ள கோகர்ணத்தின் தலபுராணம் அதுவே: மணலில் இலிங்கம் பிடித்து வழிபடும் தாய்க்காக இராவணன் தவமிருந்து ஆன்மலிங்கம் பெறுகிறான். பிள்ளையார் சிறுவனாக வந்து ஏமாற்ற, அது அங்கேயே தரையில் ஊன்றிவிடுகிறது. திருகோணமலைக்கும் பழம்பெயர் கோகர்ணம்தான், மகாவம்சம் ‘கோகண்ண’ என்கிறது. பெயரோடு கதையும் கப்பலேறி வந்திருக்கலாம். வந்த சரக்கில் கிழக்குக் கரை மக்களின் மனத்தைத் தேடுவது வீண் என்று வரலாற்றாசிரியர் சொன்னால் அது நியாயமான வாதம். கதை வந்த வழியை அது விளக்குகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டையும் அருகருகே வைத்தால் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. கருநாடகக் கோகர்ணத்தில் கதை ஊன்றிய இலிங்கத்தோடு முடிகிறது. தாய் சாவதில்லை, யாரும் அழுவதில்லை. ஏமாந்த இராவணன் இலிங்கத்தைப் பிடுங்கப் பார்த்துத் தோற்கிறான், அவ்வளவுதான். திருகோணமலையில் அதற்குப் பிறகு ஒரு சாவும், ஒரு சடங்கும், ஏழு கிணறுகளும் சேர்ந்திருக்கின்றன. கடன் வாங்கிய கதையில் கடன் வாங்காத பகுதி எதுவோ அதுதான் ஊரின் கையெழுத்து. அந்தப் பகுதி முழுவதும் துக்கம்.

கன்னியா நகருக்கு வடமேற்கே சுமார் எட்டு கிலோமீட்டரில் இருக்கிறது. கட்டிய சுவர்களுக்குள் ஏழு சிறு கிணறுகள், குனிந்து வாளியை விட்டு அள்ளும் ஆழம். ஒவ்வொன்றின் சூடும் சற்றே வேறு. வருகிறவர்கள் ஒன்றில் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு அடுத்ததற்கு நகர்கிறார்கள். ஏழும் முடிந்தால்தான் குளியல் முடியும். பிள்ளைகளுக்கு விளையாட்டு, சுற்றுலா வந்தவர்களுக்கு வேடிக்கை. அதே நீரில் திருகோணமலைச் சைவர்கள் அந்தியேட்டிக் கிரியையும் ஆடி அமாவாசைப் பிதிர்க்கடனும் கழித்து வந்திருக்கிறார்கள். இந்த இடத்தில் கதையும் வழக்கமும் ஒன்றையொன்று தாங்குகின்றன. ஒரு மீனவனின் மகனோ கந்தளாய் வயற்காரனின் மகனோ தாய்க்குக் கடன் கழிக்கும்போது இராவணன் செய்ததைத்தான் செய்கிறான். 1917இல் பிராய்ட் சொன்னது இது: துக்கம் ஒரு வேலை. இழந்தவரோடு கட்டுண்ட நினைவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, பார்த்து, அவிழ்த்து விடும் வேலை. அது முடியாமல் நின்றுபோனால் நோயாகிறது. ஒபயசேகர இந்த இடத்தில்தான் பிராய்டைத் தாண்டினார். மனச்சோர்வையும் பௌத்தத்தையும் பற்றி 1985இல் வெளியான கட்டுரையில், மேற்கில் தனியாள் தன் நெஞ்சுக்குள் செய்ய வேண்டியிருக்கும் அந்த வேலையை இலங்கையில் பண்பாடு அவனுக்காகச் செய்துகொடுக்கிறது, துயரத்துக்கு எல்லோருக்கும் தெரிந்த ஓர் உருவத்தைக் கொடுத்துவிடுகிறது என்று வாதிட்டார். அவர் சான்றுகள் சிங்கள பௌத்தர்களைப் பற்றியவை. கன்னியாவின் ஏழு கிணறுகள் அதற்குத் தமிழ்ச் சைவச் சான்று. ஒரே நினைவில் தேங்கி நிற்காமல் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகர வைக்கும் குளியலைவிடத் துக்க வேலைக்குத் தெளிவான உருவம் எங்கே கிடைக்கும்?

அடுத்த மறுப்பு காலத்தைப் பற்றியது. இழப்பு, இழப்பு என்று சொல்கிறீர்களே, 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கற்களாலேயே கோட்டை கட்டியதைத்தானே மனத்தில் வைத்துப் பேசுகிறீர்கள்? இராவணன் கதை அதற்கு முந்தியதாயிற்றே என்று கேட்கலாம். சரி. இராவணன் கதையை அந்த இடிப்பின் உருவகமாக்க நான் முயலவில்லை. அப்படிச் செய்தால் வரிசை தலைகீழாகிவிடும். கன்னியாவின் துக்கம் வீட்டுத் துக்கம், எந்தப் படையெடுப்பும் இல்லாமலே ஒவ்வொரு தலைமுறைக்கும் வருவது. என் வாதம் வேறு. வீட்டுத் துக்கத்துக்கு ஏற்கெனவே வடிவம் கொடுத்து வைத்திருந்த ஊருக்கு ஊர்த்துக்கம் வந்தபோது அதைச் சொல்லவும் வழி தெரிந்திருந்தது. அதற்குச் சான்று கோட்டை வாசலில் நிற்கிறது. பிரெட்ரிக் கோட்டைக்குள் நுழைகிறவர்கள் தாண்டிப்போகும் நிலைக்கல்லில் இரட்டைக் கயலும் சிதைந்த தமிழ் எழுத்துகளும் உள்ளன. அந்த எழுத்துகளை ஊரில் வாய்மொழியாக வழங்கிய ஒரு பாட்டோடு பொருத்திப் படிக்கிறார்கள். குளக்கோட்டன் எழுப்பிய திருப்பணியைப் பறங்கியர் உடைப்பர் என்றும், அதன்பின் கண்ணின் நிறத்தால் அடையாளம் சொல்லப்படும் வேற்றார் ஒருவர்பின் ஒருவராக ஆள்வர் என்றும் அந்தப் பாட்டு முன்னறிவிப்பாகப் பேசுகிறது.

கல்லில் எஞ்சியிருப்பது தொடக்கத்தின் துண்டுகள் மட்டுமே. 1639இல் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தரையும் 1795இல் வந்த ஆங்கிலேயரையும் சுட்டுவதாகச் சொல்லப்படும் வரிகள் கல்லில் இல்லை, வாயில்தான் இருக்கின்றன. நடந்த பிறகு சேர்க்கப்பட்டவை என்று எண்ணவே இடமுண்டு. பகுத்தறிவோடு பார்க்கிறவர் இதைப் பொய்த் தீர்க்கதரிசனம் என்று தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். எனக்கு அந்தப் பொய்தான் வேண்டும். 1920இல் பிராய்ட் ஒரு குழந்தையின் விளையாட்டைக் கவனித்து எழுதினார்: தாய் போய்விடுவதைத் தடுக்க முடியாத குழந்தை, நூற்கண்டைத் தானே எறிந்து தானே இழுத்து, தனக்கு நேர்ந்ததைத் தான் செய்வதாக மாற்றிக்கொள்கிறது. முன்னறிவிப்புப் பாட்டும் அதே வேலையைச் செய்கிறது. கோயில் இடிந்தபோது ஊர் கையாலாகாமல் பார்த்துக்கொண்டு நின்றது. பாட்டில் அது முன்பே அறிந்திருக்கிறது, அறிவிக்கிறது, வந்தவர்களை வரிசைப்படுத்தி எண்ணுகிறது. இடித்தவனும் அவனுக்குப் பின் வந்தவனும் நம் மூதாதை எழுதிவைத்த பட்டியலில் ஓர் உருப்படி ஆகிவிடுகிறார்கள். ஒவ்வொரு புதிய ஆட்சிக்கும் ஒரு வரி சேர்ந்துகொண்டே போனது அந்த வேலை முடியவில்லை என்பதற்கு அடையாளம்.

ஆனால் கோட்பாடு தடுக்கி விழும் இடமும் இதே மலையில்தான் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. கிராடிவாவைப் பற்றி எழுதும்போது பிராய்ட் மனம் எதையாவது ஒடுக்கிவைப்பதற்குப் பொம்பேயி நகரம் மண்ணில் புதைந்ததைப் பொருத்தமான ஒப்புமையாகக் காட்டினார்: புதைந்தது அழியாமல் இருக்கும், ஒருநாள் தோண்டினால் வெளிவரும். 1950இல் திருகோணமலையில் நிலம் தோண்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி உள்ளிட்ட செப்புத்திருமேனிகள் வெளிப்பட்டன. அதே பத்தாண்டில் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமிமலை அடியில் கடலில் மூழ்கிக் கோயிற்கற்களைக் கண்டார்கள். 1963இல் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. ‘ஒடுக்கப்பட்டது திரும்பி வருகிறது’ என்ற பிராய்டின் சூத்திரத்தை இங்கே ஒட்டிவிட யாருக்கும் கை துறுதுறுக்கும். ஒட்டக் கூடாது. திருமேனிகளைப் புதைத்தவர்கள் அவற்றை மறக்க விரும்பிப் புதைக்கவில்லை, காப்பாற்றப் புதைத்தார்கள். இருந்த இடம் தெரியாமற்போனது அவர்கள் இறந்ததால். நனவிலி மனத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கோயிலின் நினைவையோ ஊர் ஒருநாளும் ஒடுக்கவில்லை. கோட்டைக்குள் கோயில் இல்லாத அத்தனை காலமும் பாறையில் பூவும் தேங்காயும் விழுந்துகொண்டுதான் இருந்தன என்பதைப் பல பயணிகளின் குறிப்புகள் சொல்கின்றன. இடிந்த கோயிலின் தொடர்ச்சியாகத் தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகர் கோயில் எழுந்ததும் மறதியால் அன்று.

ஆடகசவுந்தரி கதையிலும் கோட்பாட்டைத் திருத்திக்கொண்டே படிக்க வேண்டும். கலிங்க அரசனுக்குப் பிறந்த பெண்குழந்தையால் நாட்டுக்குக் கேடு வரும் என்று கணியர்கள் சொல்ல, அவளைப் பேழையில் வைத்துக் கடலில் விடுகிறார்கள். பேழை ஈழக் கரையில் ஒதுங்குகிறது. உன்னாசகிரியில் ஆண்ட மனுநேய கயவாகு அவளை எடுத்து மகளாக வளர்க்கிறான். அரசியானபின் திருகோணமலையில் அந்நியன் ஒருவன் கோயில் கட்டுகிறான் என்று கேட்டுப் படையனுப்புகிறாள். முடிவில் அந்த அந்நியனான குளக்கோட்டனையே மணக்கிறாள். ஓட்டோ ராங்க் தொகுத்த சார்கோன், மோசே, கர்ணன், பெர்சியஸ் ஆகியோர் கதைகளில் வரும் கூறுகள் இதில் வரிசையாக இருக்கின்றன: உயர்ந்த பிறப்பு, தீய வாக்கு, பேழை, நீர், வளர்ப்புப் பெற்றோர். ஆனால் ராங்கின் வீரர்கள் ஆண்கள். பேழையில் விடப்பட்டவன் திரும்பி வந்து தந்தையின் இடத்தைப் பிடிப்பதுதான் அவர் கண்ட சாரம். ஆடகசவுந்தரி கலிங்கத்துக்குத் திரும்பவே இல்லை. தந்தையைப் பழிவாங்கவும் இல்லை. மகாவம்சத்தில் களனிதிஸ்ஸன் கடலில் விட்ட மகள் தேவியும் அப்படியே தென்கிழக்குக் கரையில் ஒதுங்கி, காகவண்ணதிஸ்ஸனை மணந்து, துட்டகைமுனுவைப் பெற்றாள். இந்தத் தீவில் கடலில் விடப்படுகிறவள் பெண். அவள் போய்ச் சேர்ந்த கரையில் வேர்விடுகிறாள். மகன் மனைவி வீட்டுக்குப் போகும் நாட்டில் வம்சத்தைச் சுமந்து வருபவள் மகளாகத்தானே இருக்க முடியும்?

இதற்கு உளப்பகுப்பாய்வே வேண்டாம் என்பார்கள். ‘கோணேசர் கல்வெட்டு’ கோயிற்றொழும்பு பற்றிய ஆவணம். தானத்தாருக்கு என்ன கடமை, வரிப்பத்தாருக்கு என்ன பங்கு, வன்னியர் அதிகாரம் எதுவரை என்று வகுப்பது. சோழ நாட்டான், கலிங்கத்தாள், உன்னாசகிரி அரசன் என்று மூன்று தரப்பையும் ஒரு மணவறையில் உட்கார வைப்பது உரிமை வழக்குகளைத் தீர்க்கும் வழி, அவ்வளவே. இந்த விளக்கம் சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் அது கதை எதற்குத் தேவைப்பட்டது என்று சொல்கிறது, ஏன் இந்த வடிவம் எடுத்தது என்று சொல்லவில்லை. கலிங்கத்திலிருந்து பெண் எடுத்தார்கள் என்று ஒரு வரியில் எழுதினாலும் அதே உரிமை கிடைத்திருக்கும். பெற்றவர்களே கைவிட்ட குழந்தை என்ற பகுதி உரிமைக்குத் தேவையில்லை, துயரத்துக்குத் தேவை. கடல் கடந்து வந்து குடியேறிய ஒவ்வொரு குடியும் தன் தொடக்கத்தில் ஒரு கைவிடலைச் சுமக்கிறது. நல்ல சாசனம் அதையும் எழுதிவைக்கிறது.

சுவாமிமலைக்கு ஒரு வெள்ளைக்காரக் கதையும் உண்டு. மலையுச்சியில் நிற்கும் தூணில் பிரான்சினா வான் ரீடின் பெயரும் 1687 ஏப்ரல் 24 என்ற நாளும் பொறித்திருக்கின்றன. மலபார்த் தாவரங்களைப் பற்றிப் பெருநூல் தொகுப்பித்த வான் ரீடின் வளர்ப்பு மகள் அவள். காதலன் கப்பலேறிப் போனதைத் தாங்காமல் அவள் அங்கிருந்து கடலில் குதித்தாள் என்று ஆங்கிலேயர் கால நூல்கள் உருகுகின்றன. அவள் குதித்துச் சாகவில்லை, பிறகு நெதர்லாந்தில் மணமுடித்து வாழ்ந்தாள் என்று ஆவணங்கள் காட்டுகின்றன. அந்த மலையிலிருந்து கடலில் விழுந்தவை கோயிலின் கற்கள். அதே மலையில் அதிகாரிகளாக இருந்தவர்கள் அங்கே ஒரு வீழ்ச்சி நடந்தது என்று சொல்லிக்கொண்டே, விழுந்தது தங்கள் இனப் பெண் என்று சொல்ல விரும்பியிருக்கிறார்கள். கனவில் ஒன்றின் கனம் மற்றொன்றின்மேல் ஏறிக்கொள்வதைப் பிராய்ட் இடமாற்றம் என்றார். இந்த வாசிப்பு நான் முன்வைப்பவற்றுள் மிகப் பலவீனமானது. செங்குத்துப் பாறையும் அதில் ஒரு பெண்ணின் பெயரும் இருந்தால் உலகில் எங்கும் இப்படிக் கதை கிளம்பும். ஆனாலும் கிளம்பும் கதையை இத்தனை பேர் ஏன் சரிபார்க்காமல் திருப்பித் திருப்பி எழுதினார்கள் என்ற கேள்வி நிற்கிறது.

பொதுவான மறுப்பு ஒன்று மிச்சமிருக்கிறது. கிரேக்கவியல் அறிஞர் வெர்னான், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு ஏதென்ஸின் நாடகம் இருபதாம் நூற்றாண்டு வியன்னா நோயாளிகளின் மனத்தை எப்படி உறுதிப்படுத்தும் என்று கேட்டார். ஈழத்து முற்போக்கு விமர்சகர்களும் இதே வழியில்தான் பிராய்டைத் தள்ளிவைத்தார்கள். 1960களில் எஸ். பொன்னுத்துரையின் எழுத்தைச் சுற்றி நடந்த சண்டையில் பிராய்ட் கிட்டத்தட்ட ஒரு வசைச்சொல்லானார். வர்க்கத்தையும் காலத்தையும் விட்டுவிட்டு ஒரே மனத்தை எங்கும் தேடும் வாசிப்பைப் பற்றி அவர்கள் சொன்னது சரி. அவர்கள் இழந்தது ஒன்று: தாய், வீடு, சாவு, கடன் ஆகியவையும் வரலாறு உள்ளவை என்பதை. உளப்பகுப்பாய்வின் வாசிப்பைச் சோதிக்கவே முடியாது என்ற குற்றச்சாட்டுக்கும் என் பதில் இதே திசையில்தான். சோதிக்கலாம், ஒரே கதையின் வெவ்வேறு வடிவங்களை வைத்து. கருநாடகக் கோகர்ணத்திலும் தாய் செத்திருந்தால் என் வாதம் விழுந்திருக்கும். சம்பந்தரின் கோணமலைப் பதிகத்தில் தாய் இருந்திருந்தாலும் பாதி விழுந்திருக்கும்.

இந்த வாசிப்பால் சொல்ல முடியாததும் உண்டு. கன்னியா யாருக்குரியது என்ற வழக்கு 2019இல் நீதிமன்றம் ஏறியது. இராவணன் எந்த இனத்தவன் என்று இரு பக்கத்தாரும் இன்று அடித்துக்கொள்கிறார்கள். கதை எவ்வளவு ஆழமான துக்கத்திலிருந்து வந்தாலும் காணிக்கு அது உறுதிப்பத்திரம் ஆகாது. ஆனால் அந்தக் காணியில் என்ன செய்து வந்தார்கள், எந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு செய்தார்கள் என்பதை எழுதிவைக்கலாம். தலபுராணங்கள் அச்சில் உள்ளன. அச்சில் வராதது, அந்தியேட்டிக்குப் போகும் வழியில் பெரியம்மாவும் அம்மம்மாவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் வடிவங்கள்: தாய் உண்மையில் செத்தாளா, செய்தி பொய்யா, குத்தியது வாளா தடியா, அழுதவன் இராவணன் மட்டும்தானா. கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தின் தமிழ் மாணவர்கள் மூதூர், தம்பலகாமம், நிலாவெளி, சாம்பல்தீவு என்று ஊர் ஊராகப் போய், சொன்னவர் ஆணா பெண்ணா, வயது என்ன, எந்தச் சாவின்போது கேட்டார் என்ற விவரத்தோடு இவற்றைப் பதிவுசெய்ய வேண்டும். சொல்லத் தெரிந்தவர்கள் பலருக்கு எழுபது கடந்துவிட்டது.